தோண்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி: சிட்னியின் நிலத்தடி வரைபடங்களும் அவற்றின் வரம்புகளும்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், நிலத்தைத் தோண்டுவதற்கு முன்னர் அதன் அடியில் மின்கம்பியோ எரிவாயுக் குழாயோ செல்கிறதா என்று கேட்டறிவது, சட்டம் குறிப்பிடும் அகழ்வு வேலைகளைப் பொறுத்தவரை, 2010ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி முதல் கட்டாயமாக இருந்து வருகிறது. ஆனால் அவ்வாறு கேட்பவருக்கு வந்து சேரும் வரைபடம் நிலத்துக்குள் இருப்பதை அப்படியே காட்டுவதில்லை. வரைபடத்துக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கண்டறியும் வேலையைச் சட்டமும் நடைமுறையும் தோண்டுபவரிடமே விட்டுவிடுகின்றன.

சிட்னியின் மேற்குப் புறநகரங்களில் வீடு வாங்கிக் குடியேறியுள்ள தமிழர்களுக்கு இது நேரடியாகத் தொடர்புடைய விஷயம். பரமட்டாவை ஒட்டி, கிரேட் வெஸ்டர்ன் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது மேய்ஸ் ஹில். சிட்னி முருகன் கோயில் இங்குதான் இருக்கிறது. ஊரின் ஆங்கிலப் பெயரை மாதமும் மலையுமாகப் பிரித்து, 'வைகாசிக் குன்று' என்று பக்தர்கள் இதனை அழைத்து வருகின்றனர். இதற்கு அண்மையில் உள்ள வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி ஆகிய பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழ்கின்றன.

பரமட்டாவில் ஐரோப்பியர் குடியேற்றம் 1788ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. ஆகவே இப்பகுதியின் மண்ணுக்கடியில் பல தலைமுறைகளின் குழாய்களும் கம்பிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. மின் விநியோகம் எண்டெவர் எனர்ஜி நிறுவனத்தின் பொறுப்பு, எரிவாயு ஜெமினாவினுடையது, குடிநீரும் கழிவுநீரும் சிட்னி வாட்டரிடம் உள்ளன. தொலைபேசிக்கு டெல்ஸ்ட்ரா, அகன்ற அலைவரிசைக்கு என்.பி.என்., மழைநீர் வடிகாலுக்கு உள்ளூர் மாநகர சபை, போக்குவரத்து விளக்குகளுக்கு மாநிலப் போக்குவரத்துத் துறை. ஒரே நடைபாதையின் கீழ் ஏழெட்டு உரிமையாளர்கள் இருக்கின்றனர். ஒவ்வொருவரிடமும் தனித்தனி ஆவணம் இருக்கிறது.

கொல்லைப்புறத்துக்கு வந்த கட்டுமானம்

முன்பெல்லாம் தோண்டுவது என்பது பெரும்பாலும் சாலை ஒப்பந்தக்காரர்களின் வேலையாகவே இருந்தது. 2009ஆம் ஆண்டில் நியூ சவுத் வேல்ஸ் அரசு கொண்டுவந்த திட்டமிடல் விதிகள் இந்நிலையை மாற்றின. தகுதியுள்ள மனைகளில், 60 சதுர மீட்டருக்கு மேற்படாத சிறு துணைவீட்டை எளிதான அனுமதி முறையில் கட்டிக்கொள்ள அவை வழி செய்தன. 'கிரானி ஃப்ளாட்' என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் இந்த வீடுகள், ஊரிலிருந்து வரும் பெற்றோருக்காகவோ வாடகை வருமானத்துக்காகவோ மேற்குச் சிட்னியின் கொல்லைப்புறங்களில் பெருகியுள்ளன.

சிட்னியின் பிரதான கழிவுநீர்க் குழாய்கள் பல இடங்களில் தெரு வழியே செல்லாமல், தனியார் மனைகளின் கொல்லைப்புறங்களைக் குறுக்காகக் கடந்து செல்கின்றன. துணைவீட்டுக்கு அத்திவாரம் வெட்டப்படும் இடமும் அதே கொல்லைப்புறம்தான். கழிவுநீர்க் குழாயின் மேலோ அருகிலோ கட்டுவதற்கு சிட்னி வாட்டரின் ஒப்புதல் தேவை என்ற விதி இதன் காரணமாகவே உள்ளது.

துணைவீடு மட்டுமல்ல. வேலிக்குக் கால் நடுவது, வாழைக்கோ முருங்கைக்கோ ஆழமாகக் குழி எடுப்பது, விழாப் பந்தலுக்கு நீண்ட இரும்பு முளைகளை அறைவது என நிலத்தைத் துளைக்கும் எந்த வேலையிலும் இதே ஆபத்து உண்டு. முளை அடிப்பதைத் தோண்டுவதாக எவரும் நினைப்பதில்லை. எனினும் கூரான முளை ஒன்று மின்கம்பியைத் துளைப்பதற்கு மண்வெட்டியைவிடக் குறைந்த நேரமே பிடிக்கும்.

கேட்கும் முறை

ஆஸ்திரேலியா முழுவதற்கும் பொதுவான விசாரணைச் சேவை ஒன்று இயங்குகிறது. 'டயல் பிஃபோர் யூ டிக்' என்ற பெயரில் பல ஆண்டுகள் அறியப்பட்ட இது, 2022ஆம் ஆண்டில் 'பிஃபோர் யூ டிக் ஆஸ்திரேலியா' எனப் பெயர் மாற்றம் பெற்றது. இணையத்தின் வழியாக விண்ணப்பிக்கலாம். 1100 என்ற தொலைபேசி எண்ணும் உண்டு. கட்டணம் இல்லை. தோண்டவிருக்கும் இடத்தைக் குறிப்பிட்டால், அங்கு குழாயோ கம்பியோ வைத்திருக்கும் உறுப்பு நிறுவனங்களுக்குத் தகவல் போகும். அந்நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே தமது வரைபடத்தை அனுப்பிவைக்கும். சில மணித்துளிகளில் வருவதும் உண்டு, ஓரிரு வேலை நாட்கள் ஆவதும் உண்டு.

இங்கு கவனிக்க வேண்டியது, இச்சேவை தானாக எந்த வரைபடத்தையும் வைத்திருப்பதில்லை என்பதாகும். அது ஓர் அஞ்சல்காரரைப் போன்றது. எத்தனை நிறுவனங்களுக்குத் தகவல் போனது என்ற பட்டியலை விண்ணப்பதாரருக்கு அது தருகிறது. அத்தனை பதில்களும் வந்து சேர்ந்தனவா என்று எண்ணிப் பார்ப்பது விண்ணப்பதாரரின் வேலை. மின்சாரப் பதில் வந்ததும் மற்றதை எதிர்பாராமல் பொக்லைன் இயந்திரத்தை இறக்கிவிடுவதே ஆபத்துக்கு முதல் வழி.

நியூ சவுத் வேல்ஸில் 2009இல் இயற்றப்பட்ட சட்டத்திருத்தம், 1995ஆம் ஆண்டின் மின் வழங்கல் சட்டத்திலும் 1996ஆம் ஆண்டின் எரிவாயு வழங்கல் சட்டத்திலும் இந்தக் கடமையைச் சேர்த்தது. தோண்டும்போது கையில் இருக்கும் வரைபடம் 30 நாட்களுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்றும் அது விதித்தது. போன ஆண்டு குளியலறை கட்டியபோது வாங்கிய வரைபடத்தை இந்த ஆண்டு வேலி போடும்போது பயன்படுத்த முடியாது. இதற்கு மேலாக, 2012 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த வேலைத்தலப் பாதுகாப்பு விதிகள், அகழ்வுக்குப் பொறுப்பானவர் நிலத்தடிச் சேவைகள் குறித்த நடப்புத் தகவலைப் பெற்று, தோண்டும் தொழிலாளரிடம் அதனைக் கொடுக்க வேண்டும் என்கின்றன. வரைபடம் ஒப்பந்தக்காரரின் கைப்பேசியிலும் இயந்திரம் வேறொருவர் கையிலும் இருந்தால், அது விதியை நிறைவேற்றியதாகாது.

வரைபடம் சொல்லாதவை

அனுப்பப்படும் வரைபடங்களில் பெரும்பாலும் ஆழம் குறிக்கப்பட்டிருக்காது. குறிக்கப்பட்டிருந்தாலும் அதனை நம்பித் தோண்டுவது சரியாகாது. குழாய் புதைக்கப்பட்ட பின்னர் மேலே மண் கொட்டப்பட்டிருக்கலாம், அல்லது சரிவு வெட்டிச் சமப்படுத்தப்பட்டிருக்கலாம். பழைய ஆவணங்களில் குழாயின் இடம் வேலிக்கோட்டிலிருந்தோ சாலையோரக் கல்லிலிருந்தோ இத்தனை அடி என்று அளந்து எழுதப்பட்டது. சாலை அகலப்படுத்தப்பட்டதும் அந்தக் கல் நகர்ந்துவிடுகிறது. எழுதிய அளவு மட்டும் மாறாமல் இருக்கிறது.

இந்த ஐயத்தை அளப்பதற்கென்றே ஆஸ்திரேலியா 2013ஆம் ஆண்டில் ஏ.எஸ். 5488 என்ற தரநிர்ணயத்தை வெளியிட்டது. அது நிலத்தடித் தகவலை நான்கு தரங்களாகப் பிரிக்கிறது. ஆவணத்தில் மட்டும் உள்ள தகவல் 'டி'. மூடி, வால்வு, மின்பெட்டி போன்று மேலே தெரியும் பொருட்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது 'சி'. கருவியால் தேடிக் கண்டது 'பி'. மண்ணை விலக்கிக் கண்ணால் பார்த்து அளந்தது 'ஏ'. அதில் 50 மில்லிமீட்டருக்கு மேல் பிழை இருக்கலாகாது. விசாரணைக்குப் பதிலாக வந்து சேருவது பொதுவாக 'டி' தரத் தகவலே. ஓர் எழுத்தாக எழுதிவிடக்கூடிய இந்த வேறுபாடு சாதாரண வீட்டு உரிமையாளருக்கு வந்து சேரும் தாளில் பளிச்சென்று தெரிவதில்லை. இம்முறையின் மிகப் பெரிய குறை இதுவென்றே கூற வேண்டும்.

கருவிகளுக்கும் எல்லை உண்டு. மின்காந்தக் கருவி உலோகத்தைக் கண்டுபிடிக்கும். கூடவே உலோகக் கம்பி ஓடாத பிளாஸ்டிக் குழாயைக் கண்டுபிடிக்காது. சிட்னியின் பழைய வார்ப்பிரும்பு எரிவாயுக் குழாய்கள் பலவற்றுக்குள் பின்னாளில் நைலான் குழாய் செருகப்பட்டது. ஆனால் புதிய தெருக்களில் பிளாஸ்டிக் குழாய் நேரடியாகவே மண்ணில் கிடக்கிறது. பிளாஸ்டிக்கையும் காட்டக்கூடியது நிலத்தை ஊடுருவும் ராடார். அதுவோ களிமண்ணில் திணறும். பரமட்டாவும் அதன் சுற்றுப்புறமும் வியானமட்டா எனப்படும் களிப்பாறைப் படிவத்தின் மேல் அமைந்தவை. அப்பாறை சிதைந்து உருவாகும் மண் களிமண்ணே. உரிய கருவி உரிய இடத்தில் பலவீனமாகிவிடுகிறது.

எனவேதான் இறுதிச் சோதனையாகப் பரிந்துரைக்கப்படுவது, இயந்திரப் பல் படுவதற்கு முன்னரே சிறு குழிகளைக் கையால் எடுத்துப் பார்ப்பது. பெரிய வேலைகளில் நீரை விசையுடன் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, கரைந்த சேற்றை லாரியிலுள்ள குழாயால் உறிஞ்சி எடுக்கின்றனர். இதில் குழாய்க்குச் சேதம் நேரும் வாய்ப்பு குறைவு, ஆனால் செலவு உண்டு.

மற்றொரு வெற்றிடம் மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. எரிவாயு மீட்டரிலிருந்து சமையலறை வரை செல்லும் குழாய், சுவிட்ச் பலகையிலிருந்து கார்க் கொட்டகைக்குப் புதைத்த மின்கம்பி, முந்தைய உரிமையாளர் தாமாகவே போட்ட நீர்க்குழாய் ஆகியவை வீட்டு உரிமையாளரின் சொத்து. எந்த நிறுவனமும் இவற்றுக்கு வரைபடம் அனுப்புவதில்லை. வீட்டுக் கழிவுநீர்க் குழாயின் வரைபடத்தை மட்டும் சிட்னி வாட்டரிடம் கட்டணம் செலுத்திக் கேட்டுப் பெறலாம். ஏனையவற்றுக்குத் தகுதிபெற்ற நிலத்தடிக் கண்டறிவாளரை அமர்த்துவது ஒன்றே வழி.

பழைய தொலைபேசிக் குழிகளில் ஆபத்து வேறு வடிவிலும் இருக்கிறது. மேய்ஸ் ஹில்லைக் கடக்கும் அதே நெடுஞ்சாலையில் மேற்கே உள்ள பென்ரித்தில், 2013ஆம் ஆண்டு அகன்ற அலைவரிசைக் கம்பி பதிப்பதற்காகப் பழைய குழிகள் திறக்கப்பட்டபோது கல்நார் வெளிப்பட்டது. நாடு முழுவதும் அப்பணி தடைபட்டது.

உடனே வெடிக்காத சேதம்

தென்கொரியாவின் தேகு நகரில் 1995 ஏப்ரல் 28ஆம் தேதி, கட்டட வேலை ஒன்றில் துளையிட்டவர்கள் எரிவாயுக் குழாயைத் துளைத்தனர். வாயு அருகிலிருந்த சுரங்க ரயில் கட்டுமானத்துக்குள் பரவி வெடித்ததில் 101 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த மாணவர்கள். துளை விழுந்த இடமும் மக்கள் இறந்த இடமும் வேறு வேறு என்பது இந்த விபத்தில் குறிப்பிடத்தக்கது. கசியும் வாயு மண்ணின் இடுக்கிலும் வடிகாலிலும் வழி தேடிச் செல்லும்.

தமிழர்கள் பெருமளவில் வாழும் டொரோன்டோவிலும் இது நடந்துள்ளது. 2003 ஏப்ரல் 24ஆம் தேதி, எட்டோபிகோ பகுதியின் புளூர் வீதியில் சாலை வேலையின்போது இயந்திரம் எரிவாயுக் குழாயைச் சேதப்படுத்தியது. அருகிலிருந்த கடைக் கட்டடம் வெடித்து 7 பேர் மாண்டனர்.

சேதம் காலம் தாழ்த்தியும் பழிவாங்கும். பெல்ஜியத்தின் ஜிஸ்லங்கியன் என்ற இடத்தில் 2004 ஜூலை 30 அன்று 24 பேரைப் பலிகொண்ட வெடிப்புக்குக் காரணமான உயர் அழுத்த எரிவாயுக் குழாய், அதற்கு முன்னர் நடந்த நிலவேலையில் இயந்திரத்தால் கீறப்பட்டிருந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பெல்லிங்ஹாமில் 1999 ஜூன் 10ஆம் தேதி பெட்ரோல் குழாய் வெடித்து இரு சிறுவர்களும் ஓர் இளைஞரும் இறந்தனர். ஐந்தாண்டுகளுக்கு முன், நீர்ச் சுத்திகரிப்பு நிலைய வேலையின்போது அக்குழாய்க்கு ஏற்பட்ட சேதத்தை விசாரணையாளர்கள் முக்கிய காரணங்களில் ஒன்றாகக் கண்டனர். குழாயின் மேற்பூச்சு உரசப்பட்டால்கூட அதை மண்ணால் மூடிவிடாமல் உரிமை நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று வலியுறுத்தப்படுவது இதன் காரணமாகத்தான்.

உயிரிழப்பு இல்லாத இடங்களிலும் இழப்பு சிறியதல்ல. 2011 மார்ச்சில் ஜார்ஜியாவில் பழைய செம்புக்காக மண்ணைக் கிளறிய 75 வயது மூதாட்டி ஒருவரின் மண்வெட்டி ஒளியிழைக் கம்பியில் பட்டது. அண்டை நாடான ஆர்மேனியாவின் பெரும்பகுதி சில மணி நேரம் இணையமின்றிப் போனது. பிரிட்டனில் ஆண்டுதோறும் சுமார் 60,000 தடவை நிலத்தடிக் குழாய்களும் கம்பிகளும் தவறுதலாகத் தாக்கப்படுவதாகவும், அதனால் 240 கோடி பவுண்டு இழப்பு ஏற்படுவதாகவும் அந்நாட்டு அரசு மதிப்பிட்டுள்ளது.

சிட்னிக்கும் இதற்கான கட்டணச்சீட்டு வந்திருக்கிறது. நகர மையத்தின் ஜார்ஜ் வீதி வழியே அமைக்கப்பட்ட இலகு ரயில் பாதையில், நிலத்தடி மின் அமைப்புகளை எவ்வாறு கையாள்வது என்பது குறித்துத் தாம் தவறாக வழிநடத்தப்பட்டதாகக் கூறி, கட்டுமான நிறுவனமான அக்சியோனா 2018இல் மாநில அரசு மீது 100 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை கேட்டு வழக்குத் தொடுத்தது. 2019இல் 57 கோடியே 60 லட்சம் டாலர் வரையிலான தொகைக்கு விவகாரம் சமரசமானது. தொடக்கத்தில் 160 கோடி டாலர் என மதிப்பிடப்பட்ட திட்டத்தின் செலவு 300 கோடியைத் தாண்டியது.

தகவல் யாரிடம், பொறுப்பு யாரிடம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வேறொரு பாதையைத் தேர்ந்தெடுத்தது. அங்கு விசாரணை போனதும், நிறுவனங்களின் சார்பில் கண்டறிவாளர்கள் நேரில் வந்து, குழாய் செல்லும் வழியைத் தரையில் வண்ணத்தால் வரைந்துவிட்டுப் போகின்றனர். செலவு நிறுவனத்துடையது. ஆஸ்திரேலியாவில் தாள் வருகிறது; ஒன்டாரியோவில் ஆள் வருகிறார். பின்னதே வீட்டு உரிமையாளருக்கு நியாயமானது என்று வாதிடலாம். ஆயினும் ஆள் வருவதில் நேர்ந்த நீண்ட தாமதங்கள் அங்கு பெரும் புகாராகி, 2022இல் அபராதம் விதிக்கும் அதிகாரத்துடன் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று.

டொரோன்டோவில் வேலை பழகிச் சிட்னிக்கு வரும் ஒருவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. வட அமெரிக்காவில் தரையில் இடப்படும் செம்மஞ்சள் குறி தொலைத்தொடர்புக் கம்பியைக் காட்டுகிறது. ஆஸ்திரேலியாவில் அதே நிறம் மின்சாரத்துக்குரியது, தொலைத்தொடர்புக்கு வெள்ளை. எரிவாயு மட்டும் இரு நாடுகளிலும் மஞ்சள்தான்.

பிரிட்டன் மூன்றாவது வழியை நாடுகிறது. எல்லா நிறுவனங்களின் ஆவணங்களையும் ஒரே வரைபடத்தில் இணைக்கும் தேசிய நிலத்தடிச் சொத்துப் பதிவேடு, லண்டன், வேல்ஸ், வடகிழக்கு இங்கிலாந்து ஆகியவற்றுக்கான முதல் வடிவில் 2023இல் வெளியானது. 2025இல் அதற்குச் சட்ட அடிப்படை வழங்கப்பட்டது. எல்லாம் ஓரிடத்தில் திரண்டால் நாசவேலைக்கும் உதவும் என்ற அச்சம் காரணமாக, அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படவில்லை.

குழாயில் பட்டுவிட்டால்

எரிவாயுக் குழாய் சேதமடைந்தால் ஓட்டையை அடைக்கவோ குழாயை மடக்கவோ முயலக் கூடாது என்பது பொதுவான அறிவுறுத்தல். நெருப்பு, சுவிட்ச், இயந்திரத்தை மீண்டும் இயக்குதல் ஆகிய எதுவும் ஆகாது. காற்று வரும் திசையை நோக்கி விலகிச் சென்று, அக்கம்பக்கத்தாரையும் விலக்கி, ஆஸ்திரேலியாவில் 000 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். இயந்திரம் மின்கம்பியில் பட்டால் ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்காமல் இருப்பதே பாதுகாப்பு. தீப்பற்றியதால் இறங்கியே ஆக வேண்டுமென்றால், இயந்திரத்தையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, கால்களைப் பிரிக்காமல் நகர வேண்டும். ஆங்கிலத்தில் உரையாடத் தயங்குவோர், நிறுவனங்களுடன் பேச 131 450 என்ற எண்ணில் தேசிய மொழிபெயர்ப்புச் சேவையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

தாயகத்தில்

இந்தியாவில் இத்தகைய பொது ஏற்பாடு வந்தது அண்மையில்தான். 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற கைப்பேசிச் செயலியைப் பிரதமர் நரேந்திர மோதி 2023 மார்ச் 22ஆம் தேதி தொடங்கிவைத்தார். ஒருங்கிணைப்பு இல்லாத தோண்டல்களால் நாட்டுக்கு ஆண்டுதோறும் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு ஏற்படுவதாக அப்போது அரசு தெரிவித்தது. தோண்டுபவரையும் நிலத்தடிச் சொத்தின் உரிமையாளரையும் இச்செயலி தொடர்புபடுத்துகிறது. நூறாண்டு கடந்த குடிநீர்க் குழாய்களும் நேற்றுப் புதைத்த ஒளியிழையும் ஒரே தெருவில் கிடக்கும் சென்னை போன்ற நகரில், தொடர்பு ஏற்பட்ட பின் மறுமுனையில் இருப்பவரிடம் சரியான ஆவணம் இருக்குமா என்பதே கேள்வி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாலை வெட்டுக்குத் தடை விதிப்பது மாநகராட்சியின் வழக்கம். தோண்டும் காலத்தை அது கட்டுப்படுத்துகிறது. தோண்டும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலைமை வேறு. அங்கு தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் வளவுக் கிணற்றிலிருந்தே வந்தது. வளவுக்குள் மண்வெட்டி எடுப்பவர் நிலத்தடிக் குழாய்களைப் பற்றிப் பெரும்பாலும் நினைக்க வேண்டியிருக்கவில்லை. சிட்னியின் கொல்லைப்புறங்களில் இன்று தோண்டும் பலருடைய பழக்கம் அங்கு உருவானது. ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியுடன் நடைபெற்ற யாழ்ப்பாணம் - கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டத்தின் கீழ், தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. குடாநாட்டின் வீதிகளின் கீழ் புதிய நீர்க்குழாய்கள் பரவி வருகின்றன. பெக்கோ இயந்திரம் மண்ணை மூடும் முன்பே ஒவ்வொரு குழாயின் இடத்தையும் ஆழத்தையும் செய்மதி ஆயத்தொலையோடு பதிந்துகொள்ள, பரமட்டாவுக்கு ஒருபோதும் வாய்க்காத வசதி அங்குள்ள அதிகாரிகளுக்கு இருக்கிறது.